குப்பை, கரண்ட் பில், பட்ஜெட்: நகராட்சி மன்றம் எதைக் கண்காணிக்கிறது?

தெருவில் குப்பை அள்ளவில்லை என்றால் கவுன்சிலரைத் திட்டுகிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போடுகிறோம். சொத்து வரி ஏறினால் மேயரைத் திட்டுகிறோம். மூன்றிலுமே ஆள் கொஞ்சம் மாறிப்போகிறது. குப்பை வண்டியை அனுப்புவது கவுன்சிலர் வேலை இல்லை. தெருவிளக்கைப் பராமரிப்பது பெரும்பாலும் உள்ளாட்சி, ஈ.பி. அதற்கு மின்சாரம் விற்கிறது, அவ்வளவுதான். சொத்து வரியைப் பொறுத்தவரை, 2022இல் நடந்த சீராய்வை அறிவித்தது மாநில அரசு. மன்றங்கள் அதற்குத் தீர்மானம் போட்டன.

அப்படியானால் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் மன்றத்துக்கு என்னதான் வேலை? கண்காணிப்பது. இந்தச் சொல்லை எல்லோரும் சொல்கிறோம். அது எப்படி நடக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிகளை வைத்து அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஊர்த் திருவிழாக் கணக்கு

ஊரில் திருவிழா. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூல் பண்ணுகிறார்கள். கமிட்டி செலவு செய்கிறது. திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறார்கள்: "ஜெனரேட்டர் டீசல், 28,000 ரூபாய்." பாதிப் பேர் தலையாட்டிவிட்டுக் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, "எத்தனை லிட்டர் போட்டீங்க? ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுச்சு?" என்று கேட்பார். கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

அவர் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ரூபாயோடு சேர்த்து அளவையும் கேட்டார். லிட்டரும் மணி நேரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் கணக்கு சரி. ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். கண்காணிப்பு என்பதன் சாரம் இவ்வளவுதான்: பணத்தையும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அதை ஊரறியக் கேட்பது.

யார் செலவு செய்கிறார், யார் கேட்கிறார்

நகராட்சியில் கமிட்டியின் இடத்தில் இருப்பவர் ஆணையர். மாநில அரசு நியமிக்கும் அதிகாரி அவர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், ஊழியர்களை வேலை வாங்குவதும், பில்லுக்குப் பணம் கொடுப்பதும் அவருடைய நிர்வாகத்தின் வேலை. பேரூராட்சியில் இதே பொறுப்பு செயல் அலுவலருக்கு.

ஊர்க்கூட்டத்தின் இடத்தில் இருப்பது மன்றம். வார்டுக்கு ஒருவராக நாம் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் சேர்ந்ததுதான் மன்றம். மாநகராட்சியில் அதை மாமன்றம் என்பார்கள். மேயரையும் நகராட்சித் தலைவரையும் இப்போது உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றம் எடுக்கும் முடிவுக்குத் தீர்மானம் என்று பெயர். பட்ஜெட், வரி விகிதம், பெரிய ஒப்பந்தங்கள் ஆகியவை தீர்மானம் இல்லாமல் நகரக் கூடாது.

எல்லா விஷயத்தையும் முழு மன்றத்தில் அலச நேரம் இருக்காது. அதனால் பெரிய மாநகராட்சிகளில் துறைவாரியாகச் சிறு குழுக்கள் உண்டு. நிலைக்குழு என்று பெயர். சென்னையில் பொது சுகாதாரம், வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், கணக்கு என்று தனித்தனி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. செய்தியாளர்கள் கூடும் இடம் மன்றக் கூட்டம். உருப்படியான கேள்விக்கு நேரம் கிடைக்கும் இடம் நிலைக்குழு.

கேட்பவரும் செலவு செய்பவரும் ஒரே ஆளாகிவிட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு நகரங்கள் அதையும் பார்த்திருக்கின்றன. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் மன்றத்தின் இடத்தில் இருந்தார்கள். பெரும்பாலும் ஆணையரே தனி அலுவலர். ஆணையர் என்ற முறையில் கோப்பை அனுப்புவார், தனி அலுவலர் என்ற முறையில் அதற்குத் தீர்மானம் போடுவார். வேலை வேகமாக நடந்திருக்கலாம். பின்வரிசையில் இருந்து எழுந்து கேட்க ஆள் இல்லை.

இதுவரை சொன்னது: ஆணையர் செய்கிறார், மன்றம் அனுமதிக்கிறது, கேட்கிறது. கவுன்சிலர் குப்பை அள்ளும் ஆள் அல்ல. அள்ளுகிறார்களா என்று கேட்கும் அதிகாரம் உள்ள ஆள்.

மன்றத்தின் கை எட்டாத இடங்கள்

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 18 பணிகளை அதன் பன்னிரண்டாவது அட்டவணை சொல்கிறது. திடக்கழிவு மேலாண்மை, குடிநீர், தெருவிளக்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். தமிழ்நாட்டில் அது 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். 1998 என்று பெயரில் இருந்தாலும், இன்றைய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். நம் ஊரில் சட்டங்களுக்கும் பொறுமை அதிகம்.

சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடம் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. ஆலைப் புகையையும் சாயக்கழிவையும் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நகராட்சியே குப்பைக் கிடங்கோ கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமோ நடத்தினால், அந்த வாரியத்தின் முன் நகராட்சியும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஆக, சுற்றுச்சூழல் என்று வரும்போது மன்றத்தின் முதல் கடமை தன் வீட்டை, அதாவது நகராட்சி தானே நடத்தும் சேவைகளைப் பார்ப்பது.

அஜெண்டாவில் ஒளிந்திருக்கும் அதிகாரம்

மன்றக் கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்கு அஜெண்டா வரும். ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு இருக்கும்: நிர்வாகம் அந்த விஷயத்தை விளக்கி எழுதும் பத்தி. கடைசியில் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று முடியும். பார்க்க அலுப்பூட்டும் இந்தத் தாள்களில்தான் கண்காணிப்பின் பாதி வேலை இருக்கிறது. படித்துவிட்டு வரும் உறுப்பினரையும், கூட்டத்தில் உட்கார்ந்து புரட்டும் உறுப்பினரையும் நிர்வாகத்துக்கு முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

அஜெண்டாவில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: பின்னேற்பு. அவசரம் என்று முன்பே செய்துமுடித்த வேலைக்கு, பிறகு மன்றத்தின் ஒப்புதலைப் பெறுவது. குழாய் உடைந்தால் கூட்டம் கூடும் வரை காத்திருக்க முடியாது; அதற்காகத்தான் இந்த வழி. ஆனால் மாதாமாதம் வாடகைக்கு எடுக்கும் லாரியும் பிளீச்சிங் பவுடரும் தொடர்ந்து பின்னேற்பில் வந்தால், அது அவசரம் இல்லை, பழக்கம். அதே மாதிரி, கூட்டம் நடக்கும்போதே மேசையில் வைக்கும் கூடுதல் பொருள்கள். படிக்க நேரம் கொடுக்காமல் அனுமதி கேட்கும் எதையும் ஒரு கூட்டம் தள்ளி வைக்கச் சொல்வதில் தப்பே இல்லை.

கேள்வி கேட்கும் நேரமும் முக்கியம். சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விடுவதற்கான மாமன்றத் தீர்மானம் 2025 ஜூனில் நிறைவேறியது. தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்து போராடியது ஆகஸ்டில். ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசியதும் அப்போதுதான். யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் சம்பளம் என்ன ஆகும், செலவு கூடுமா குறையுமா என்று கேட்க வேண்டிய இடம் ஜூன் மாத அஜெண்டா.

குப்பை: டன்னா, தெருவா?

குப்பை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பது. அள்ளிய டன்னுக்கு இவ்வளவு என்றால், எடை கூடுவதில்தான் ஒப்பந்ததாரருக்கு லாபம். கட்டட இடிபாடும் மண்ணும் மழையில் நனைந்த சருகும் வண்டியில் ஏறும். வீட்டிலேயே பிரித்து, மக்கும் குப்பையை அங்கேயே உரமாக்கினால் அவருக்கு நஷ்டம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பையை வீட்டிலேயே மக்குவது, மக்காதது, தீங்கானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. சட்டம் ஒரு பக்கம் இழுக்க, ஒப்பந்தம் இன்னொரு பக்கம் இழுக்கும்.

இதைத் தவிர்க்கத்தான் செயல்திறன் அடிப்படையிலான ஒப்பந்தங்கள் வந்தன. சென்னையின் பல மண்டலங்களில் 2020 முதல் இந்த முறை. எத்தனை வீட்டில் தினமும் வாங்கினார்கள், பிரித்து வாங்கினார்களா, புகாரை எவ்வளவு நேரத்தில் தீர்த்தார்கள் என்று மதிப்பெண் போட்டு, குறைந்தால் பணத்தில் பிடிப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் மதிப்பெண் போடுவது யார், கடந்த ஆறு மாதத்தில் உண்மையிலேயே எவ்வளவு பிடித்தார்கள் என்று மன்றம் கேட்காவிட்டால் அது காகித மதிப்பெண்.

அளவை ஒட்டிப் பார்க்கும் வேலை இங்கேயும் எளிது. நூறு கிலோ ஈரக் கழிவு மக்கினால் உரமாகக் கிடைப்பது தோராயமாக இருபது கிலோ. மீதி ஈரமாகவும் காற்றாகவும் போய்விடும். நுண் உரமாக்கல் மையத்தில் தினமும் 5 டன் ஈரக் கழிவு பதப்படுத்தப்படுகிறது என்று அறிக்கை சொன்னால், ஒரு டன் அளவுக்கு உரம் வர வேண்டும். மாதத்துக்கு முப்பது டன். அது எங்கே குவிந்திருக்கிறது, யார் வாங்கினார்கள்? ஒரே கேள்வி போதும். உரமாகாத குப்பை கிடங்குக்குத்தான் போயிருக்கும். கிடங்கில் மக்கும் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும், அது எரியும். சென்னையின் பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு மறந்திருக்காது.

சுருக்கமாக: ஒப்பந்தம் எதற்குப் பணம் தருகிறதோ அதுதான் நடக்கும். அறிக்கையில் உள்ள டன்னுக்கு எதிரில் இன்னொரு அளவை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மின்சாரம்: பில்லைப் பார்க்கிறோம், யூனிட்டைப் பார்ப்பதில்லை

பட்ஜெட்டில் "மின்கட்டணம்" என்று ஒரே வரியில் ஒரு தொகை இருக்கும். அது தவிர்க்க முடியாத செலவு என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். என் கணிப்பில், மன்றங்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த வரியில்தான். குப்பை கண்ணில் படும், நாறும். வீணாகும் மின்சாரம் நாறாது.

நகராட்சி மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தின்பது இரண்டு: தெருவிளக்கு, தண்ணீர் பம்பு. அலுவலகத்து ஏ.சி.யை அணைக்கச் சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் பெரிய பணம் அங்கே இல்லை.

விளக்கில் தொடங்கலாம். கணக்குக்காக 1,000 பழைய சோடியம் விளக்குகள், ஒவ்வொன்றும் 250 வாட், இரவுக்கு 11 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 2,750 யூனிட்; ஆண்டுக்குப் பத்து லட்சம் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதே இடத்தில் 120 வாட் எல்.இ.டி. மாட்டினால் இரவுக்கு 1,320 யூனிட். ஆண்டுக்கு ஐந்து லட்சம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். மாட்டியாயிற்று, சரி. ஆனால் டைமர் சரியில்லாமல் விடிந்த பிறகும் ஒரு மணி நேரம் எரிந்தால்? அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஆண்டுக்கு 43,800 யூனிட். காலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் தினமும் பார்க்கும் காட்சிதான் இது. ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும்.

எல்.இ.டி. மாற்றம் பெரும்பாலும் ஒரு தனி வகை ஒப்பந்தத்தில் வரும். நிறுவனம் தன் பணத்தைப் போட்டு விளக்கு மாட்டும். மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கைச் சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளும். சேமிப்புப் பங்கு ஒப்பந்தம் என்று இதைச் சொல்லலாம். நகராட்சிக்குக் கைக்காசு போகவில்லை என்பதால் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட, முன்பு எவ்வளவு செலவானது என்ற தொடக்க அளவு வேண்டும். பழைய விளக்குகளில் கால்வாசி எரியாமலே கிடந்திருக்க, எல்லாம் எரிந்ததாக வைத்துத் தொடக்க அளவைப் போட்டால், இல்லாத மிச்சத்துக்குப் பங்கு கொடுத்துக்கொண்டிருப்போம். தொடக்க அளவை மீட்டர் வைத்து எடுத்தார்களா, எண்ணிக்கையைப் பெருக்கி எடுத்தார்களா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்தது பம்பு. இங்கே ரூபாய் எதையும் சொல்லாது. கட்டண விகிதம் ஏறினால் அதுவும் ஏறும். பார்க்க வேண்டியது ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி 0.14 யூனிட் போதும். மோட்டாரிலும் பம்பிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் 0.2 முதல் 0.25 வரை ஆகலாம், நியாயம். ஒரு நீரேற்று நிலையம் அதே வேலைக்கு 0.4 கேட்டால், பம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது குழாயில் அடைப்பு, அல்லது தண்ணீர் வழியில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள எஞ்சினியராக இருக்க வேண்டாம். மின்மீட்டரும் தண்ணீர் மீட்டரும் வேலை செய்தால் போதும். "தண்ணீர் மீட்டர் பழுதாகி ரொம்ப நாள் ஆச்சுங்க" என்ற பதில் வந்தால், அதுவே கண்டுபிடிப்பு.

இன்னொரு சின்ன விஷயம். நகராட்சியின் பெயரில் நூற்றுக்கணக்கான மின் இணைப்புகள் இருக்கும். இடித்துத் தள்ளிய கழிப்பிடத்துக்கும் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கும்கூட நிலைக்கட்டணம், அதாவது மின்சாரம் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை, போய்க்கொண்டிருக்கலாம். இணைப்பு எண் வாரியாகப் பட்டியல் கேட்டு வாங்கினால் இது வெளியே வரும். ஒட்டுமொத்தத் தொகையில் வராது.

பட்ஜெட்: மூன்று எண்களைப் படித்தால் போதும்

வரவு செலவுத் திட்டம் என்பது கையில் இருக்கும் பணம் இல்லை, அடுத்த ஆண்டுக்கான எதிர்பார்ப்பு. புத்தகம் தடிமனாக இருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் நேராக மூன்று எண்களைத் தேடினால் போதும். போன ஆண்டு உண்மையில் ஆன செலவு. நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்டதைப் பாதி வழியில் திருத்திய தொகை, அதாவது திருத்திய மதிப்பீடு. அடுத்த ஆண்டுக்குக் கேட்கும் தொகை. பூங்காவுக்குப் போன ஆண்டு 50 லட்சம் ஒதுக்கி, 9 லட்சம் செலவு செய்து, இந்த ஆண்டு மறுபடி 60 லட்சம் ஒதுக்கினால், அந்தப் பூங்கா பேப்பரில் மட்டும்தான் பச்சையாக இருக்கிறது.

வரவுப் பக்கத்தில் பார்க்க வேண்டியது டி.சி.பி.: கேட்பு (அந்த ஆண்டு வர வேண்டிய தொகை), வசூல், பாக்கி. சொத்து வரியில் கேட்பு பத்துக் கோடி, வசூல் ஆறு கோடி என்றால், பத்துக் கோடியை நம்பிப் போட்ட செலவுகளில் சில நடக்காது. எது நடக்காது என்பது பெரும்பாலும் எழுதப்படாத முடிவு: சம்பளமும் மின்கட்டணமும் போய்விடும், பராமரிப்பு காத்திருக்கும். மழைநீர் வடிகாலைத் தூர்வாரும் வேலை அக்டோபருக்குத் தள்ளிப்போவதன் காரணம் சில சமயம் இங்கே கிடக்கிறது.

வரும் மானியத்தையும் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. 2021 முதல் 2026 வரைக்கான மத்திய 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 சதவீதம் நிபந்தனைக்குட்பட்டிருந்தது: 30 குடிநீருக்கு, 30 துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும். மீதி 40 சதவீதத்தில்தான் உள்ளாட்சிக்குச் சுதந்திரம் இருந்தது, அதையும் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. "பணம் இருக்கே, ரோடு போடக் கூடாதா?" என்ற கேள்விக்கு விடை பல நேரம் இப்படியான நிபந்தனைதான்.

செலவான பிறகு

எல்லாம் முடிந்ததும் தணிக்கை வரும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் கணக்கைப் பார்க்க உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. தணிக்கையாளர் ஏற்காத செலவுக்கு எழுதும் குறிப்புக்குத் தணிக்கைத் தடை என்று பெயர். அதற்கு நிர்வாகம் பதில் சொல்லி நீக்க வேண்டும். பதில் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் உண்டு. ஒரே வகைத் தடை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வந்தால், அதை எழுதிய தணிக்கையாளரைவிட, படிக்காத மன்றத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பொதுமக்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று பகுதி சபை: வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் இது 2022இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுவதும் நடத்தினார்கள். நடக்கும் தேதி பலருக்குத் தெரிவதில்லை. கவுன்சிலரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இன்னொன்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இதில் "ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டால் மழுப்பலாக ஒரு வரிதான் வரும், ஏனென்றால் அந்தச் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. "2024-25ஆம் ஆண்டுக்கான மின் இணைப்பு எண் வாரியான யூனிட் மற்றும் கட்டணப் பட்டியல்", "ஜூலை மாத எடைமேடைப் பதிவேடு", "குப்பை ஒப்பந்ததாரரிடம் பிடித்தம் செய்த தொகை விவரம்" என்று ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் குறிப்பிட்டு நகல் கேட்டால், மழுப்ப இடம் குறைவு.